சிப்பாயின் காலடி நிலம்

அக்காவின் மகனுக்கு வயது பதினான்கு. போன மார்கழியில் ஒரு நாள் இரவுக் கடமை முடிந்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கக்கூட இடமில்லை. பழைய பத்திரிகையை விரித்து, அதன்மேல் முப்பது சிப்பாய்களை நிறுத்தி வைத்திருந்தான். ஒவ்வொருவனும் 28 மில்லிமீற்றர் உயரம். பிடித்துக்கொண்டு வர்ணம் பூச வசதியாக, ஒவ்வொருவனையும் ஒரு போத்தல் மூடியில் ஒட்டியிருந்தான். எல்லோரும் 1815ஆம் ஆண்டு வாட்டர்லூவில் நின்ற பிரித்தானியக் காலாட்படையினர். சிவப்புச் சட்டை, மார்பின் குறுக்கே வெள்ளைப் பட்டி. சட்டையின் கழுத்தும் கைவிளிம்பும் என்ன நிறம் என்பது படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறுமாம். அதைச் சரியாகப் பூசுவதற்காகவே நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்து வந்திருந்தான்.

வர்ணம் முடிந்ததும் கால் பகுதிக்கு வந்தான். இந்த விளையாட்டுக்காரர்கள் அதை 'பேஸ்' என்பார்கள். சிப்பாய் நிற்கும் சின்ன வட்டத் தட்டு அது. அதில் வெள்ளைப் பசையைத் தடவி, மணலில் ஒரு தோய். காய்ந்ததும் கடும் மண்ணிறம். அதுவும் காய்ந்தபின், வர்ணத்தை அநேகமாகத் துடைத்தெடுத்த பிரஷால் இளமண்ணிறத்தை மேலோட்டமாக ஒரு தேய். மணலின் முகடுகள் மட்டும் வெளிச்சம் பட்டதுபோல் தெரியும். கடைசியாக ஒரு கொத்துச் செயற்கைப் புல். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நமது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் நத்தார்க் குடிலுக்கு மரத்தூளும் பாசியும் ஒட்டுவது ஞாபகம் வந்தது. கை வேலை அதேதான்.

"இது எந்த இடத்து மண்ணடா?" என்று கேட்டேன்.

"சும்மா மண்தான், சித்தி."

பொத்தானின் நிறத்துக்கு இரண்டு புத்தகம். காலடி மண்ணுக்குச் 'சும்மா'. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சொல் மனதில் நின்றுவிட்டது. அதனால்தான் நத்தார் விடுமுறையில் அவனைச் செல்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தக் கட்டுரையும் அதனால்தான்.

போகமுன் ஒரு சின்னச் சண்டை. பிரஷின் நுனியைக் கூராக்க அவன் அதை வாயில் வைத்து உறிஞ்சினான். தாதி ஒருத்திக்கு முன்னால் செய்யக்கூடாத வேலை அது. முதலாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் அமெரிக்காவில் இளம் பெண்கள் கடிகார முகங்களில் ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். இருட்டில் ஒளிரும் வர்ணம். நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி தொழிற்சாலையிலேயே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சில வருடங்களில் பற்கள் கழன்றன, தாடை எலும்பு அழுகியது, பலர் இறந்தார்கள். நியூ ஜேர்சியில் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928இல்தான் ஒரு தீர்வு கிடைத்தது. இன்றைய அக்ரிலிக் வர்ணத்தில் ரேடியம் இல்லைத்தான். என்றாலும் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்க, வாய் எதற்கு? இதை வாசிக்கும் தம்பி தங்கைமாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

லண்டனில் வாட்டர்லூ என்றால் நமக்கு ரயில் நிலையம். உண்மையான வாட்டர்லூ பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்சுக்குத் தெற்கே இருக்கும் ஒரு சிற்றூர். 1815 யூன் 18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அங்கேதான் நெப்போலியனின் படையும் வெலிங்டன் பிரபுவின் கூட்டுப் படையும் மோதின. வெலிங்டன் நமது கடற்கரைகளுக்கும் தெரிந்தவர். ஆர்தர் வெல்லஸ்லி என்ற பெயரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்றவர். 1800ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு படையெடுப்புக்கு ஆயத்தம் செய்யத் திருகோணமலைக்கும் வந்தவர். வாட்டர்லூவில் அவருக்கு உதவியாகக் கிழக்கிலிருந்து புளூகரின் பிரஷ்யப் படை வந்து சேர்ந்தது. அந்தப் பிரஷ்யர்களை மறந்துவிடாதீர்கள். கதை அவர்களிடம்தான் திரும்பி வரும்.

செல்சியில் தேசிய இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்லோன் ஸ்குவயர் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்கலாம். அங்கேதான் கப்டன் வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ மாதிரி உள்ளது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழு நாட்டுப்புறமே படுத்திருக்கிறது: மேடுகள், பள்ளங்கள், தெருக்கள், பண்ணை வீடுகள், வேலிகள், வயல்கள். அதன்மேல் 70,000க்கும் மேற்பட்ட சிப்பாய்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு. ஒருவன் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். ஒரு பொம்மைக்கு இரண்டு உண்மையான வீரர்கள் என்பது கணக்கு. ஒரு மைல் நிலம் அங்கே ஒன்பது அடி. அந்த அளவுப்படி பார்த்தால் ஒரு மனிதன் மூன்று மில்லிமீற்றர்கூட வரமாட்டான். ஆகவே பொம்மைகள் நிலத்தைவிடப் பெரியவை. மருமகன் அதை உடனே கண்டுபிடித்துவிட்டான். "ஸ்கேல் பிழை சித்தி," என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

சைபோர்ன் 1797இல் பிறந்தவர். தகப்பனும் படை அதிகாரி. மகன் வாட்டர்லூவில் போரிடவில்லை. போர் முடிந்தபின் பிரான்சில் நின்ற படையில் சேர்ந்தார். அவருடைய திறமை வாளில் இல்லை, நில அளவையில். மேடுபள்ளங்களை எப்படிக் கடதாசியில் கொண்டு வருவது, எப்படி உருவமாகச் செய்வது என்று 1820களிலேயே புத்தகங்கள் எழுதியவர். 1830இல் படைத்தலைமை அவரிடம் வாட்டர்லூவின் மாதிரியைச் செய்யும் பொறுப்பைக் கொடுத்தது. அவர் செய்த முதல் வேலை, போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் என்ற பண்ணை வீட்டிலேயே குடியேறியது. அன்றைய சண்டையில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் அதுவும் ஒன்று. எட்டு மாதம் அங்கே தங்கி, நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்.

அதிலும் ஒரு சிக்கல். போர் நடந்த நிலமே மாறிவிட்டிருந்தது. நெதர்லாந்து அரசர், தம் மகன் காயப்பட்ட இடத்தில் நினைவுச் சின்னமாக ஒரு பெரிய மண்மேடு எழுப்பி, அதன் உச்சியில் ஒரு சிங்கத்தை நிறுத்தியிருந்தார். 1826இல் முடிந்த வேலை. இன்றும் 226 படி ஏறிப் போய்ப் பார்க்கலாம். அந்த மேட்டுக்கு மண் எங்கிருந்து வந்தது? வெலிங்டனின் படை நின்ற முகட்டிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். போரை நினைவுகூரவென்று போரின் நிலத்தையே சுரண்டிவிட்டார்கள். ஆகவே நான்கு வருடத்துக்கு முன்பே காணாமற்போன ஒரு நிலத்தைத்தான் சைபோர்ன் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. அளவுகோலால் மட்டும் முடியாது. அங்கு நின்றவர்களின் ஞாபகமும் வேண்டும்.

அதற்காக அவர் கடிதம் எழுதத் தொடங்கினார். போரில் நின்று உயிரோடிருந்த பிரித்தானிய அதிகாரிகளுக்கெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள் போயின. மாலை ஏழு மணியளவில், நெப்போலியனின் மெய்க்காவற்படை முகட்டை எட்டிய அந்தக் கணத்தில், உங்கள் படைப்பிரிவு எப்படி அணிவகுத்து நின்றது? உங்கள் முன்னால் எதிரி எப்படி நின்றான்? கூடவே, நீங்கள் நின்ற வயலில் என்ன பயிர் நின்றது?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நான் அந்த மனிதரிடம் மனதைக் கொடுத்தேன். பத்தொன்பது, இருபது வருடம் கழித்து ஒரு படை அதிகாரியிடம் போய், உங்கள் காலடியில் நின்றது என்ன தானியம் என்று கேட்பவர் எத்தனை பேர்? ஆனால் அது வீண் கேள்வி அல்ல. அந்த யூனில் ரை என்ற தானியம் சில வயல்களில் ஆள் உயரத்துக்கு நின்றது. முன்னிரவு முழுக்கக் கொட்டிய மழையில் மண் சேறாகிவிட்டது. பீரங்கியை இழுக்க முடியவில்லை. நெப்போலியன் தாக்குதலைத் தொடங்கத் தாமதித்ததற்கு அந்தச் சேற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். உயரமான பயிருக்குள் நின்றவனுக்கு எதிரே வருபவன் தெரியாது. பயிர் மிதிபட்டுக் கிடந்தால் தெரியும். அங்கே யார் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்பதையே நிலம்தான் தீர்மானித்தது.

எங்கள் வார்டில் நோயாளி ஒருவர் விழுந்துவிட்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காயம் எங்கே என்பதோடு அது நிற்பதில்லை. தரை ஈரமா? வெளிச்சம் இருந்ததா? காலில் என்ன போட்டிருந்தார்? கட்டில் எந்த உயரத்தில் இருந்தது? படித்த காலத்தில் இதெல்லாம் தேவையில்லாத கேள்விகள் என்று நினைத்தேன். பத்து வருடம் வேலை செய்தபின் அப்படி நினைப்பதில்லை.

சைபோர்னுக்கு ஏறத்தாழ எழுநூறு கடிதங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891இல் புத்தகமாக வெளியிட்டார். மூலக் கடிதங்கள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. வாட்டர்லூ பற்றி யார் எழுதினாலும் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. ஒரு மாதிரிக்குப் பயிர் ஒட்டுவதற்காகக் கேட்ட கேள்விகள், அந்தப் போருக்கு இருக்கும் மிகப் பெரிய சாட்சித் தொகுப்புகளில் ஒன்றாகிவிட்டன. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடிதங்கள் அதிகாரிகளுக்கே போயின. சாதாரணச் சிப்பாயிடம் அவர் கேட்கவில்லை. மேசையில் 70,000 பேர் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் குரல் அந்தக் கடிதக் கட்டில் இருக்கிறது?

இனித் தொல்லைக்கு வருவோம். 1833இல் அரசு பணத்தை நிறுத்திக்கொண்டது. வேலை பாதியில் நிற்கிறது. சைபோர்ன் கடன் வாங்கினார், சந்தா திரட்டினார், தம் சொந்த உத்தியோக நேரம் போக மிஞ்சிய நேரத்தில் வேலையைத் தொடர்ந்தார். அதே காலத்தில் இன்னொரு தலையிடி. பிரஷ்யப் படைத்தலைமையிடமும் அவர் விவரம் கேட்டிருந்தார். கிடைத்த விவரப்படி, மாலை ஏழு மணிக்குப் பிரஷ்யப் படை களத்தின் கிழக்குப் பக்கத்தில் நன்றாக உள்ளே வந்துவிட்டது. நாலரை மணியளவிலேயே அவர்கள் சண்டையில் இறங்கிவிட்டார்கள். பிளான்சென்வா என்ற ஊரில் வீடு வீடாகப் போர் நடந்தது. அன்று பிரஷ்யருக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 7,000 பேர். ஆகவே சைபோர்ன் தம் மேசையில் பிரஷ்யப் பொம்மைகளை அங்கே நிறுத்தினார்.

வெலிங்டனுக்கு இது பிடிக்கவில்லை. ஏழு மணிக்கே பிரஷ்யர் இவ்வளவு உள்ளே நிற்பதைப் பார்க்கும் பொதுமக்கள், வெற்றி யாருடையது என்று பிழையாக நினைத்துவிடுவார்கள் என்பது அவர் தரப்பின் கவலை. நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: போருக்கு மறுநாள் எழுதிய அறிக்கையில், பிரஷ்யர் தக்க நேரத்தில் வந்து உதவினார்கள் என்பதை அவரே ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார். போர் முடிந்த சில வாரங்களில், ஒரு போரின் சரித்திரம் ஒரு நடன விருந்தின் சரித்திரம் போன்றது என்ற பொருளிலும் ஒரு கடிதம் எழுதினார். அவரவருக்கு அவரவர் கண்ட சின்னச் சம்பவங்கள் ஞாபகம் இருக்கும். எது முன், எது பின் என்று ஒழுங்காகச் சொல்ல எவராலும் முடியாது என்பது அவர் கருத்து. அதில் உண்மை இல்லாமலில்லை. 1815இல் எல்லோருடைய கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டவில்லை. ஏழு மணி என்பதே ஆளுக்கு ஆள் வேறு.

படைத்தலைமையிடமிருந்து வந்த கடிதங்கள் பணிவானவை, ஆனால் விடாப்பிடியானவை. எதிர்ப்பக்கத்தில் ஒரு கீழ்நிலை அதிகாரி. கடனில் மூழ்கியவர், மேலிடத்தின் தயவில்லாமல் பதவி உயர முடியாதவர். சைபோர்ன் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தார். முடிவில் பெருந்தொகையான பிரஷ்யப் பொம்மைகளை நிலத்திலிருந்து பிடுங்கி எடுத்தார்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். எட்டு மாதம் அளந்து, பயிர் கேட்டு, சேறு கேட்டுச் செய்த வயல். அதில் தாமே ஒட்டிய ஒரு சென்ரிமீற்றர் ஆட்களை, தாமே ஒவ்வொருவராகக் கழற்றுகிறார். பொம்மை போய்விடும், பசையின் தடம் இருக்கும்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. பீற்றர் ஹோஃப்ஷ்ரோயர் என்பவர் 2004இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். மேலிடத்து அழுத்தத்துக்குப் பணிந்துதான் சைபோர்ன் எடுத்தார் என்பது அவர் வாதம். வேறு சிலர், பின்னால் கிடைத்த சாட்சியங்களைப் பார்த்து, தாம் முதலில் நிறுத்திய இடம் பிழை என்று சைபோர்னே நம்பியிருக்கலாம் என்கிறார்கள். நான் சரித்திரம் படித்தவள் அல்ல, தாதி. ஆனால் இந்த இரண்டும் ஒரே மனிதனுக்குள் ஒரே நேரத்தில் நடக்காது என்று ஏன் நினைக்கிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. மேலிடம் விரும்புவதை நம்புவதற்குக் காரணம் தேடினால், காரணம் அகப்படும்.

எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, வயோதிபர் ஒருவர் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்தார். பெரிய காயம் இல்லை. படிவத்தில் தரை, வெளிச்சம், செருப்பு எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதினேன்: அன்றிரவு நான்கு பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் நின்றோம் என்று. காலையில் மேலதிகாரி ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபப்படவில்லை. "இது விழுந்ததற்குச் சம்பந்தமில்லைத்தானே, எடுத்துவிட்டால் சுருக்கமாக இருக்கும்," என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெரியவர் மணியடிக்காமல் தானாகத்தான் எழும்பினார். நான்கு பேர் நின்றிருந்தாலும் விழுந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். அவர் ஏன் மணியடிக்கவில்லை, முன்பு எத்தனை தடவை அடித்து யாரும் வராமல் இருந்திருப்பார்கள் என்று வீடு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது. செல்சியில் அந்தக் கண்ணாடிக்கு முன் நின்றபோது நான் நெப்போலியனைப் பார்க்கவில்லை. கிழக்கு ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாதிரி 1838இல் லண்டன் பிக்கடிலியிலிருந்த எகிப்திய மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு ஷில்லிங். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வந்து பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இருந்தும் சைபோர்னின் கடன் தீரவில்லை. 1844இல் அந்தப் போரைப் பற்றி ஒரு பெரிய சரித்திர நூல் எழுதினார். அதே காலத்தில், போரின் முற்பகுதியில் நடந்த குதிரைப்படைப் பாய்ச்சலைக் காட்டும் இன்னொரு மாதிரியையும் செய்தார். நிலப்பரப்பு குறைவு, உருவங்கள் பெரிது. அது இப்போது லீட்ஸ் நகரில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் செல்சியில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்காக இருந்த பாடசாலையில் செயலாளர் வேலை பார்த்தார். 1849இல் இறந்தார். அந்தப் பாடசாலைக் கட்டடத்தில் இன்று சாச்சி ஓவியக்கூடம் இயங்குகிறது. அவருடைய மாதிரி இருக்கும் இடத்திலிருந்து நடந்தே போகலாம்.

மேசையில் நிலம் செய்த முதல் ஆள் சைபோர்ன் அல்ல. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் தம் அரசருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைக் கொடுத்தார். ஆறும் காடும் ஊரும் வர்ணத்தில் தீட்டிய சதுரத் துண்டுகள்; விரும்பியபடி அடுக்கி விரும்பிய நாட்டை உண்டாக்கலாம். படைகள் வெறும் சிறு கட்டைகள். அங்கே நிலம்தான் அழகு, சிப்பாய்க்கு முகம் இல்லை. அவருடைய மகன் 1824இல் அதை வரைபடத்தில் ஆடும் பயிற்சியாக மாற்றினார். அதைப் பார்த்துப் பாராட்டிப் பிரஷ்யப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தவர் தளபதி மியூஃப்லிங். வாட்டர்லூ அன்று வெலிங்டனின் பக்கத்தில் பிரஷ்யரின் தொடர்பதிகாரியாக நின்றவர் இவரேதான்.

பிறகு நிலைமை தலைகீழானது. 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைவு, விலையும் குறைவு. நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் பொம்மை வந்தது. சீருடை துல்லியம். ஆனால் நிலம்? காலுக்குக் கீழே பச்சை பூசிய ஒரு சின்னத் தகடு. ஆபிரிக்காவில் நின்றாலும் ஆப்கானிஸ்தானில் நின்றாலும் அதே பச்சை. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அந்தப் பொம்மைகளைக் கொண்டே 1913இல் விளையாட்டு விதிகளை ஒரு புத்தகமாக எழுதினார். மரக்கட்டைகளும் மட்டை வீடுகளும் குச்சி மரங்களும் வைத்து, தரையில் தவழ்ந்து ஆடினார். உண்மைப் போருக்கு மாற்றாக இந்தச் சிறு போர் எவ்வளவு மேல் என்று அதிலேயே எழுதினார். அடுத்த வருடம் உண்மைப் போர் தொடங்கிவிட்டது.

இன்று பிள்ளைகள் ஆடுவதெல்லாம் 1970களுக்குப் பின் வந்தவை. கேம்ஸ் வர்க்ஷொப் 1975இல் லண்டனில் தொடங்கியது. வார்ஹாமர் 1983இல் வந்தது. அந்தப் பொம்மைகளில் பேய்களும் பூதங்களும் இருப்பதைப் பார்த்துச் சில பெற்றோர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். அதை அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளட்டும். நான் கவனித்தது வேறு. கடையில் வாங்கும் சிப்பாயுடன் வருவது ஒரு வெறும் கறுப்புத் தட்டு. அதில் எந்த மண், எந்தப் புல், மழை பெய்ததா, யார் நடந்து போன வழி என்பதை வாங்கியவனே தீர்மானிக்க வேண்டும். பிரிட்டனின் பச்சைத் தகட்டுக்குள் ஒளிந்துபோன அந்தக் கேள்வி, ஒரு பிள்ளையின் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

உண்மை நிலமும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. வெலிங்டனின் படைக்கு வைத்தியசாலையாக இருந்த மோன் சென் ஜான் பண்ணையில் 2019இல் அகழ்வாய்வு நடந்தது. செய்தவர்களில் போரில் காயப்பட்டுத் திரும்பிய இன்றைய படைவீரர்களும் இருந்தார்கள். வெட்டி அகற்றப்பட்ட கால் எலும்புகள் சில வெளிவந்தன. மயக்க மருந்து இல்லாத காலம். அந்தக் கொட்டகைகளில் யார் விளக்குப் பிடித்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று நானாக இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருப்பேன்.

வீடு திரும்பும் ரயிலில் மருமகன் அதிகம் பேசவில்லை. கைத்தொலைபேசியில் ரைப் பயிரின் படங்களைத் தேடிக்கொண்டு வந்தான். யூன் மாதத்தில் அது முழுக்கப் பழுத்திருக்காது, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறமாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தான். அடுத்த வாரம் போனபோது முப்பது தட்டையும் சுரண்டித் திரும்பத் தொடங்கியிருந்தான். சணல் கயிற்றைச் சின்னதாக வெட்டி, பசையில் குத்தி நிறுத்தி, பாதியை விரலால் அமுக்கிச் சாய்த்திருந்தான். மண்ணில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு, முன்னிரவு மழையாம். பழைய பலகை ஒன்றில் முகடும் தெருவும் பண்ணை வீடும் பென்சிலால் கீறியிருந்தான். கிழக்கு ஓரம் வெறுமையாகக் கிடந்தது.

"இங்க ஆர் வரப்போகினம்?" என்று கேட்டேன்.

"பிரஷ்யர்தான் சித்தி. குறைஞ்சது மூண்டு பெட்டி வேணும். நீங்களே அம்மாட்டக் கேளுங்கோவன்."